நேரத்தோடு விளையாடும் கதைத் தொடர்: தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது?

பீலிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி நீளமாகத்தான் வரும், பொறுமையாக வாசியுங்கள்.

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் புத்தகம் வாசிக்கிறோம். வாசிப்பு வட்டம் என்று பெயர், ஆனால் வட்டமாக உட்கார அங்கே இடமில்லை, மூடிக் கிடந்த பழைய பிள்ளைக் காம்பராவில் (வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம்) இரண்டு பாயை விரித்து நெருக்கியடித்து உட்காருவோம். தரம் 6இலிருந்து 8 வரை படிக்கிற பதினாறு பதினேழு பேர் வருவார்கள், மழை பிடித்துவிட்டால் ஏழெட்டுப் பேர்.

போன மாதம் கனடாவிலிருக்கும் சித்தப்பா மகள் ஒரு பெட்டி அனுப்பியிருந்தாள். அவளுடைய பிள்ளைகள் வாசித்து முடித்த ஃபேண்டஸி தொடர் ஒன்று, ஆங்கிலத்தில், மொத்தம் ஐந்து பாகம். தொடரின் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை, சொன்னால் அது நல்லதா கெட்டதா என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். கதை இதுதான்: நாலு பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் நேரத்தின் மேல் ஒரு சக்தி. ஒருத்தி நேரத்தை நிப்பாட்டுவாள், ஒருவன் பின்னால் போய் வருவான், இன்னொருத்திக்கு நாளைக்கு நடக்கப்போவது துண்டு துண்டாகத் தெரியும், கடைசிப் பையனால் ஒரு பொருளை மட்டும் பழசாகவோ புதுசாகவோ ஆக்க முடியும். காய்ந்துபோன பாணை அவன் மறுபடி சுடச்சுட ஆக்கும் ஓர் இடம் வருகிறது, நான் அதை நாலு தடவை வாசித்துவிட்டேன்.

பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்க இரண்டு தடவை முயற்சி செய்து இரண்டு தடவையும் கோட்டை விட்டேன். முதல் தடவை புத்தகம் தொடங்குகிற இடத்திலேயே தொடங்கினேன். ஒரு வரைபடம், ஏழு ராச்சியம், ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு சண்டை, வாயில் நுழையாத பெயர்கள். வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். பத்து நிமிஷத்தில் பாயிலிருந்து கோரையை உருவ ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த கிழமை, சரி, ஒரு முன்னுரை கொடுப்போம் என்று ஃபேண்டஸி என்றால் என்ன, அறிவியல் புனைகதை என்றால் என்ன என்று பலகையில் எழுதினேன். ஒரு பையன் கையைத் தூக்கி, "டீச்சர், இது சோதனைக்கு வருமா?" என்று கேட்டான். நான் டீச்சர்கூட இல்லை.

இதற்கு நடுவில் ஓர் அம்மா வந்து, "இந்தப் பேய்க் கதைக்குப் பதிலாக் கணக்குச் சொல்லிக் குடுங்களேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரையும் குறை சொல்ல முடியாது.

ஆக, என் கேள்வி: ஆங்கிலப் புத்தகத்தை வாய்வழியாகத் தமிழில் எப்படிக் கொண்டுபோவது, எந்த இடத்தில் தொடங்குவது? நேரத்தை நிப்பாட்டுவது, திருப்புவது எல்லாம் பதினொரு வயதுப் பிள்ளைக்குக் குழப்பமாக இருக்குமா? இன்னொன்று, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பெட்டியில் 3ஆம் பாகம் இல்லை.


ஏழாம் நம்பர் லயம்:

தங்கச்சி, வரைபடத்தைக் கிழித்துப் போடுங்கள். கிழிக்க மனம் வராவிட்டால் ஒரு கிளிப் குத்தி மூடிவிடுங்கள். ஏழு ராச்சியத்தையும் அவர்கள் பிறகு தாங்களாகவே கேட்பார்கள்.

நான் தலவாக்கலைப் பக்கம் பதினெட்டு வருஷமாகப் படிப்பிக்கிறேன். எந்தத் தொடராக இருந்தாலும் நான் முதல் பக்கத்தில் தொடங்குவதில்லை, எனக்கு எந்த இடத்தில் வாய் ஊறியதோ அங்கே தொடங்குவேன். உங்களுக்கு அது பாண் வருகிற இடம், நாலு தடவை வாசித்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் என்ன யோசனை? அது 140ஆம் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள். முதல் நாள் ராத்திரி அந்த இடத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, ஒரு சீ.ஆர். கொப்பியில் (நோட்டுப் புத்தகத்தில்) உங்கள் பேச்சில் எழுதுங்கள். "அவன் அந்த ரொட்டித் துண்டின் காலத்தைப் பின்னோக்கித் திருப்பினான்" என்று எழுதினால் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். "முந்தாநாள் பாண். கல்லு மாதிரிக் கிடந்தது. அவன் கையை வைத்தான். ஆவி பறந்தது." இப்படிச் சொல்லிப் பாருங்கள், பாணைப் பார்க்கும். அதேபோல் 'காலம்' என்ற சொல்லைத் தள்ளி வையுங்கள், அது மேடைச் சொல். நம்ம பிள்ளைகளுக்கு 'நேரம்'தான் கையில் பிடிபடுகிற சாமான். 'உறைய வைத்தாள்' வேண்டாம், உங்கள் கேள்வியில் எழுதினீர்களே 'நிப்பாட்டுவாள்' என்று, அதுவே போதும். ஆனால் சொல்லும்போது புத்தகம் கட்டாயம் உங்கள் கையில் இருக்க வேண்டும், இது அந்தப் புத்தகத்துக்குள் இருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம், அதுவும் கதவைத் தட்டுகிற இடத்தில் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுங்கள்.

குழப்பம் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தரம் 7க்கு ஒருநாள் பாடம் முடிந்து இருபது நிமிஷம் மிச்சமிருந்தது, "நேரத்தை நிப்பாட்ட முடிந்தால் எப்போது நிப்பாட்டுவீர்கள்?" என்று சும்மா கேட்டேன். பையன்கள் எல்லாம் கிரிக்கெட், கடைசி பந்து, பந்தை எடுத்துக் கையில் வைப்பது, அவ்வளவுதான். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, அதிகம் பேசாதவள், "மடுவத்தில கொழுந்து நிறுக்கிறதுக்கு முன்னால நிப்பாட்டுவேன் சேர்" என்றாள். ஏன் என்றேன். அம்மாவுக்கு முதல் நாள் இரண்டு கிலோ குறைந்து அரைப் பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான், போட்டார்களாம். நேரத்தை நிப்பாட்டிவிட்டு மலைக்கு ஓடி இரண்டு கிலோ எடுத்துக்கொண்டு வந்து கூடையில் போட்டுவிட்டு மறுபடி ஓடவிட்டால் முழுப் பேர்.

பிறகு நான் பேசவே இல்லை, வகுப்பு தானாகப் பேசியது. எல்லாம் நின்றிருக்கும்போது கொழுந்தைக் கிள்ளினால் முறியுமா? அட்டை கடிக்குமா, அதுவும் நின்றிருக்குமா? ஓடிப் போய் எடுத்த ஆளுக்குக் களைக்குமா? களைக்கும் என்றால் அவளுக்கு வயசும் போகுமே? கடைசியில் ஒரு பையன் எழும்பிச் சொன்னான், "சேர், எல்லாருக்கும் ஒரு நாள், அவளுக்கு மட்டும் ஒன்றேகால் நாள் வேலை. ஆனா செக்ரோல்ல ஒரு பேர்தானே விழும்." (செக்ரோல் என்றால் தோட்டத்துச் சம்பளப் பதிவேடு.)

நேரத்தைப் பற்றிய கதைகளில் பாதி அந்தப் பையன் சொன்ன இடத்தில்தான் ஓடுகின்றன: ஒரு சக்தி, அதற்கு ஒரு விலை, விலையை யார் கட்டுகிறார்கள் என்ற சண்டை. உங்கள் தொடரில் அந்த நாலு பேருக்கும் என்ன விலை என்று நீங்கள் எழுதவே இல்லை, கவனித்தீர்களா? அதைத் தேடி எடுங்கள். அறிமுகம் என்று ஒன்று தேவையென்றால் அது மட்டும் போதும்.

ஒரு சின்ன விஷயம், வாயால் சொல்வது வேறு, நீங்கள் எழுதுகிற தமிழைப் பிரதி எடுத்து விற்பதும் யூடியூபில் போடுவதும் வேறு. எழுதியவரின் உரிமை இருக்கிறது, கொப்பி கொப்பியாகவே இருக்கட்டும்.

அந்த அம்மாவைக் கூப்பிட்டு ஒருநாள் பாயில் உட்கார வையுங்கள். வேறு சமாதானம் தேவைப்படாது.


பழைய ஸ்டோர்:

சேர் சொன்னது சரி. இருந்தாலும் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். கனடாவிலிருந்து பெட்டி வந்தால்தான் நேரத்தை நிப்பாட்டுகிற கதை நமக்குக் கிடைக்குமா?

என் அம்மாயி எழுதப் படிக்கத் தெரியாதவர். நளாயினி கதையை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நடக்க முடியாத புருஷனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து ராத்திரி இருட்டில் போகிறாள், கழுமரத்தில் கிடக்கும் முனிவர் மேல் கூடை இடித்துவிடுகிறது, பொழுது விடிந்தால் உன் புருஷன் சாவான் என்று அவர் சாபம் போடுகிறார், அப்படியானால் பொழுதே விடியாது போ என்கிறாள் இவள். சூரியன் நின்றுவிட்டது. அம்மாயி அந்த இடத்தில் குப்பி விளக்கைக் கையால் மறைப்பார், எங்களுக்கு ஈரக்குலை நடுங்கும். ககுத்மி ராசா கதை தெரியுமா? மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போனான். அங்கே பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது, முடியட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றான். முடிந்ததும் மாப்பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னால் பிரம்மா சிரிக்கிறார், நீ சொன்ன ஆள்கள் எல்லாரும் செத்து, அவர்களுடைய பேரன் பேத்திகளும் செத்து, 27 சதுர்யுகம் போய்விட்டதப்பா என்று. ஒரு பாட்டுக் கேட்டு முடிகிற நேரத்தில்! மார்க்கண்டேயனுக்கு என்றைக்கும் பதினாறு. இதெல்லாம் நேர சக்தி இல்லையா?

நாழிகை என்றால் 24 நிமிஷம், ஒரு நாளைக்கு 60 நாழிகை, நொடி என்றால் விரலை நொடிக்கிற நேரம். அந்தப் பிள்ளை நேரத்தை நிப்பாட்டும்போது விரலை நொடிக்க வையுங்கள். சொல்லிலேயே மந்திரம் இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் பிள்ளைகள் மஸ்கெலியாப் பிள்ளைகள் என்பதால் சொல்கிறேன். இந்த நாட்டில் மணிக்கூட்டை நிஜமாகவே திருப்பியிருக்கிறார்கள், அதற்குக் காரணம் உங்கள் ஊர்த் தண்ணீர். 1996இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றின, காசல்ரீயும் மவுசாகலையும் வற்றினால் லக்சபான மின்சாரம் எங்கிருந்து வரும்? கரண்டை மிச்சம் பிடிக்க அந்த வருஷம் மே மாதம் நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னால் இழுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. வன்னியில் புலிகள் இருந்த பகுதியில் பழைய நேரமே ஓடியது, ஆக ஒரே தீவுக்குள் இரண்டு நேரம். நான் அப்போது ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை. சங்கு ஊதினால் வெளியே கும்மிருட்டு. கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்தம் பழைய நேரமா புது நேரமா என்று ஆள் விட்டுக் கேட்போம். எங்கள் அப்பா சாகும்வரை புது நேரத்தை வாயால் சொல்லவில்லை, "அது கொழும்புக்காரன் நேரம்" என்பார்.

அந்த மவுசாகலை டேமில் தண்ணீர் இறங்கினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா டவுன் தெரியும், கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றுக்குள்ளிருந்து எழும்பி நிற்கும். பழைய நேரத்துக்குப் போக உங்களுக்கு மந்திரம் எதற்கு, மழை பெய்யாமல் இருந்தால் போதும்.


கவ்வாத்துக்கத்தி:

ஐயா, மணிக்கூட்டு விஷயம் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும், ரொம்ப நன்றி. ஆனால் நளாயினி பற்றி ஒன்று சொல்லணும். அந்தக் கதையை எனக்கு மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள், மூன்று பேருமே "பார்த்தியா, பொம்பளைன்னா இப்பிடி இருக்கணும்" என்றுதான் முடித்தார்கள். சூரியன் நின்ற பிறகு என்ன ஆனது, மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள், பயிர் என்ன ஆனது, இருட்டில் பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு) போனார்களா, இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. உங்கள் அம்மாயி விளக்கை மறைத்தாரே, அந்த மாதிரிச் சொன்னால் எந்தக் கதையும் ஓடும். புத்திமதிக்காகச் சொன்னால் கனடாக் கதையும் செத்துவிடும், நம்ம கதையும் செத்துவிடும். பிள்ளைகள் அதை மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வெளியே உள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. டிராகன் வேண்டும், பனிக்காடு வேண்டும், வாயில் நுழையாத பெயர் வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் புத்தக அலுமாரி ஒன்று இருந்தது, கண்ணாடி போட்டது, சாவி யாரிடம் என்று நான் சாதாரண தரம் முடிக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடி வழியாக முதுகுப் பெயர்களை வாசித்து, உள்ளே என்ன கதை இருக்கும் என்று நானும் என் கூட்டாளியும் மாறி மாறிச் சொல்லிக்கொள்வோம். அதனால் அக்கா, எல்லாவற்றையும் கொழுந்து, மடுவம், கங்காணி என்று மாற்றிவிடாதீர்கள். நுழைகிற வாசல் நம்ம வாசலாக இருக்கட்டும், உள்ளே போனதும் ஏழு ராச்சியமும் இருக்கட்டும்.

குழப்பம் வரும் என்று பயந்தீர்களே, எனக்கு அனுபவம் நேர்மாறு. இதைச் சொல்லிப் பாருங்கள்: உயரமான இடத்தில் நேரம் கொஞ்சம் வேகமாக ஓடும், ஐன்ஸ்டீன் சொன்னது, துல்லியமான கடிகாரங்களை வைத்து அளந்தும் பார்த்துவிட்டார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். கணக்குப் போட்டால், கொழும்புக் கடற்கரையில் இருக்கிற மணிக்கூட்டைவிட நுவரெலியாவில் இருக்கிற மணிக்கூடு வருஷத்துக்கு ஒரு செக்கனின் பத்து லட்சத்தில் ஆறு பங்கு முந்திப் போகும். ஒன்றுமே இல்லாத அளவுதான், ஆனால் நான் இதைச் சொன்ன அன்று ஒரு பையன், "அப்ப நாங்கதான் முதல்ல கிழவனாவோமா?" என்று கேட்டுவிட்டு அந்தக் கிழமை முழுக்க அதையே பேசிக்கொண்டு திரிந்தான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம், அந்தப் பின்னால் போகிறவன். ஹல்துமுல்லைப் பக்கம் நான் கொஞ்ச நாள் பிள்ளைகளோடு வேலை செய்தேன். பின்னால் போக முடிந்தால் எங்கே போவீர்கள் என்று ஏதோ விளையாட்டாகத்தான் கேட்டேன். ஒரு பிள்ளை, "மண்சரிவுக்கு முதல் நாள் ராத்திரி மீரியபெத்தைக்குப் போய் எல்லார் கதவையும் தட்டுவேன்" என்றாள். 2014 ஒக்டோபர் 29 காலையில் அந்த லயங்கள் மண்ணுக்குள் போனபோது அவள் கைக்குழந்தை, கேட்டுத் தெரிந்துகொண்டதுதான், ஆனால் எந்தக் கதவை முதலில் தட்டுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். இன்னொரு பையன், "அம்மா குவைத்துக்குப் போன அன்னைக்கு" என்று சொல்லிவிட்டு அவ்வளவோடு நிறுத்திக்கொண்டான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அசட்டுத்தனமாக "சரி சரி, அடுத்த ஆள்" என்றேன், இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அந்தக் கேள்வியை எல்லாரிடமும் வரிசையாக வாய்விட்டுக் கேட்க வேண்டாம், ஒரு துண்டுத் தாள் கொடுத்து எழுதவோ கீறவோ சொல்லுங்கள், காட்ட விரும்பினால் காட்டட்டும். உங்கள் தொடரில் பின்னால் போனவன் செத்தவரைக் காப்பாற்ற முடியுமா முடியாதா என்பதை முன்கூட்டியே வாசித்துத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.


தெமோதரைக்காரன்:

நான் புத்தகம் வாசிக்கிற ஆள் இல்லை, இருந்தாலும் ஒரு யோசனை. சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிற நேரம் என்று உங்கள் கதையில் ஏதாவது வந்தால் தெமோதரை ஸ்டேஷனைச் சொல்லுங்கள். பதுளைக்குப் போகிற ரயில் எங்கள் ஸ்டேஷனில் நின்று கிளம்பி, மலையைச் சுற்றிக்கொண்டு இறங்கி, கொஞ்ச நேரத்தில் அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் போகும். சின்ன வயதில் பிளாட்போமில் நின்று ரயிலில் போகிறவர்களுக்குக் கை காட்டிவிட்டு, மறுபக்கம் ஓடி, கீழே அதே ஆள்களுக்கு இன்னொரு தடவை கை காட்டுவோம். ஒரு தடவை ஒரு வெள்ளைக்கார அம்மா எங்களைப் பார்த்து அப்படியே முழித்தார், அதே பிள்ளைகள், அதே சட்டை! கொப்பியில் ஒரு நூலைச் சுற்றி வைத்துக் காட்டுவதைவிட இது சுலபம்.

3ஆம் பாகம் இல்லாதது பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே.


பீலிக்கரை:

எல்லாருக்கும் பெரிய நன்றி. நாலு சனிக்கிழமை போய்விட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் விலையைத் தேடினேன். இருந்தது, நான்தான் கவனிக்காமல் வாசித்திருக்கிறேன். அந்தக் கடைசிப் பையன் ஒரு பொருளிலிருந்து எவ்வளவு நேரத்தைக் கழற்றுகிறானோ அது அவன் உடம்பில் ஏறுகிறது. இரண்டு நாள் பாணைப் புதுசாக்கினால் அவனுக்கு இரண்டு நாள் நகமும் முடியும் வளரும். இதைக் கதையோடு சேர்த்துச் சொன்னதுதான் தாமதம், எல்லாரும் தங்கள் நகத்தைப் பார்த்தார்கள். முந்தாநாள் பாண் ஒரு துண்டை நிஜமாகவே கொண்டுபோய் நடுவில் வைத்திருந்தேன். சேர், உங்கள் யோசனை இல்லை, நானாகச் செய்தது. முடியும்போது அதைக் காணவில்லை. யார் தின்றார்கள் என்று இன்னும் தெரியாது.

பழைய சட்டை, தேய்ந்த செருப்பு, ஓட்டைத் தகரம், ஒவ்வொன்றாகப் புதுசாக்கப் பார்த்தார்கள். தகரம் எத்தனை வருஷம் பழசு என்று ஒருத்தி வீட்டுக்கு ஓடிப் போய்க் கேட்டு வந்தாள். முப்பத்திரண்டு வருஷமாம். முப்பத்திரண்டு வருஷ முடி! ஒரு லயத்துக் கூரை முழுக்க மாற்றினால் அவன் அங்கேயே கிழவனாகிச் செத்துவிடுவான் என்று கணக்குப் போட்டார்கள். அப்புறம் ஒரு பையன், ஒரே ஆள் செய்யாமல் தோட்டத்தில் ஆளுக்கு ஒரு தகரம் என்று பிரித்துக்கொண்டால் என்ன என்றான். அதற்கும் சண்டை வந்தது, யாருக்கு மூலைத் தகரம் என்று.

பேய்க் கதை என்று சொன்ன அம்மா இரண்டாம் கிழமை கதவோரம் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை, கூடையை இறக்காமலே முக்கால் மணித்தியாலம் நின்றுவிட்டுப் போனார். மூன்றாம் கிழமை பாயில் உட்கார்ந்திருந்தார்.

மணிக்கூட்டுக் கதையை ஐயா எழுதியபடியே சொன்னேன். நம்ம டேமில் தண்ணீர் குறைந்ததால் கொழும்பு மணிக்கூடும் மாறியது என்றதும் அவர்களுக்கு ஒரு பெருமை. அங்கிருந்து பழைய டவுனுக்குப் போய்விட்டோம். ஒரு பிள்ளையின் பாட்டி, பழைய டவுனில் கடைத்தெருவுக்குப் போய் வந்த ஞாபகம் உள்ளவர், வந்து பேசினார். தேத்தண்ணிக் கடை எங்கே, துணிக்கடை எங்கே என்று பாயின் மேல் போத்தல் மூடிகளை அடுக்கிக் காட்டினார். புத்தகத்தில் இருந்த வரைபடத்தை நான் அப்போதுதான் திறந்தேன். அதற்குப் பிறகு ஏழு ராச்சியமும் அவர்களுக்கு வேண்டியிருந்தது, தம்பி சொன்னது சரி, வாயில் நுழையாத பெயர்களைத்தான் முதலில் மனப்பாடம் செய்தார்கள்.

பின்னால் போகிற இடத்துக்குத் தாள் கொடுத்தேன். பதினொரு தாள் திரும்பி வந்தது, நாலு தாளை அவர்களே வைத்துக்கொண்டார்கள். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. கதையில் செத்தவரைக் காப்பாற்ற முடியாது, போய்ப் பார்க்க மட்டும் முடியும். ஏன் என்று கேட்டார்கள், எழுதியவர் அப்படி எழுதிவிட்டார் என்றேன், ஒருத்திக்கு அது பிடிக்கவே இல்லை, இன்னும் கோபமாக இருக்கிறாள்.

இப்போது 3ஆம் பாகம். இரண்டாவதன் முடிவில் அந்த நேரம் நிப்பாட்டுகிறவள் விரலை நொடிக்கிறாள் (நொடிக்கத்தான் வைத்தேன் ஐயா), எல்லாம் நிற்கிறது, மறுபடி ஓடவிட முடியவில்லை. நாலாம் பாகத்தின் தொடக்கத்தில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, அவளுக்கு மட்டும் இடது கை இல்லை. நடுவில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் அவர்களே எழுதுகிறார்கள், ஒரு சீ.ஆர். கொப்பி, கிழமைக்கு ஓர் ஆள், முந்தின ஆள் எழுதியதை மாற்றக்கூடாது என்பது மட்டும்தான் சட்டம். தெமோதரை அண்ணே, உங்கள் ரயில் இரண்டாம் அத்தியாயத்தில் வந்துவிட்டது, வெள்ளைக்கார அம்மாவோடு. வில்லன் ஒரு கணக்கப்பிள்ளை, ஆள்களின் நேரத்தைச் செக்ரோலில் குறைத்து எழுதி மிச்சத்தைப் போத்தலில் அடைத்து வைக்கிறவன். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

நேற்று ராத்திரி சித்தப்பா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள், கட்டிலுக்கு அடியிலிருந்து 3ஆம் பாகம் அகப்பட்டதாம், அனுப்பட்டுமா என்று. இன்றைக்கு மழை, ஒன்பது பேர்தான். கையைத் தூக்கச் சொன்னேன். எட்டுப் பேர் இப்போது வேண்டாம், கொப்பி முடியட்டும் என்றார்கள். கோபமாக இருக்கிறவள் மட்டும் கையைத் தூக்கவில்லை. அவளுடைய முறை அடுத்த கிழமை, "நான் எழுதின பிறகு அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.


ஏழாம் நம்பர் லயம்:

அந்தக் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள், ஈரம் படாமல். முடிந்ததும் ஒரு கிழமைக்குத் தலவாக்கலைக்கு அனுப்ப முடியுமா? பஸ்ஸில் கொடுத்துவிட்டால் நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.